உதட்டில் ஊசி போடும் முன்: அங்கே ஓடும் இரத்தக்குழாயைத் தெரிந்துகொள்வோம்

கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் மணப்பெண்ணுக்கு மருதாணி, ஒப்பனை என்று ஏற்பாடு செய்கிறோம். இப்போது சில அழகு நிலையங்கள் அந்தப் பட்டியலில் 'லிப் ஃபில்லர்' என்ற ஊசியையும் சேர்த்துவிட்டன. உதட்டைத் தடிப்பாகக் காட்டுவதற்காக உள்ளே ஒரு கூழைச் செலுத்துவதுதான் அது. மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். இங்கே நாம் பார்க்கப்போவது இதன் மருத்துவப் பக்கத்தை மட்டும்.

இரத்தம் வரும் வழி

பல்லைக் கடித்தால் தாடையில் ஒரு தசை புடைக்கும். அதற்குச் சற்று முன்னால், கீழ்த்தாடை எலும்பின் ஓரத்தில் விரலை வைத்தால் ஒரு துடிப்பு தட்டுப்படும். அதுதான் முகத்தமனி. கழுத்திலிருந்து வரும் இந்தக் குழாய் வாயின் ஓரம் வழியாக மேலே ஏறும்போது, கீழுதட்டுக்கு ஒரு கிளையும் மேலுதட்டுக்கு ஒரு கிளையும் பிரிகின்றன. இரு பக்கத்துக் கிளைகளும் நடுவில் சேர்ந்து வாயைச் சுற்றி வளையம்போல் அமைகின்றன. மேலுதட்டுக் கிளை மூக்கின் நடுச்சுவருக்கும் இரத்தம் கொடுக்கிறது. முகத்தமனியின் மேல்முனை மூக்கோரமாகச் சென்று, கண்ணுக்கு இரத்தம் தரும் தமனியின் கிளையோடு இணைகிறது.

பெரும்பாலானவர்களுக்கு உதட்டுத் தமனி உட்பக்கமாக, ஈரத்தோலுக்கும் தசைக்கும் நடுவே ஓடுகிறது. சிலருக்குத் தசைக்குள்ளேயே ஓடும். வெகுசிலருக்கு வெளித்தோலுக்கு அடியிலேயே இருக்கும். ஒரே ஆளின் உதட்டில்கூட அது இடத்துக்கு இடம் ஆழம் மாறலாம். அதன் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். வெளியிலிருந்து வெறும் கண்ணால் பார்த்து, "குழாய் இங்கே இல்லை" என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஆபத்து எங்கே?

கூழ் தமனிக்குள் போனால், அதற்கு அப்பால் உள்ள சதைக்கு இரத்தம் கிடைக்காது. உதடோ மூக்கின் நுனியோ கறுத்து அழுகிப்போகலாம். கூழ் அழுத்தத்தால் எதிர்த்திசையில் தள்ளப்பட்டுக் கண்ணை எட்டினால் பார்வையே பறிபோகலாம். இவை அரிதானவை, உதட்டு ஊசியில் பார்வை போவது மிக மிக அரிது. ஆனால் நேர்ந்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

ஊசிக்குப் பின் சில நாள் வீக்கமும் சிறு கன்றலும் இருப்பது இயல்பு. கீழ்க்கண்டவை இயல்பல்ல:

• தோல் திடீரென வெளிறிப்போதல்
• தாங்க முடியாத, கூடிக்கொண்டே போகும் வலி
• வலைபோன்ற நீலத் திட்டுகள், சில்லிட்ட தோல்
• அழுத்தி எடுத்த இடம் மூன்று விநாடி கடந்தும் சிவக்காமல் இருத்தல்
• பார்வை மங்குதல், கண்வலி, பேச்சுக் குழறல்

மரத்துப்போகும் மருந்து கொடுத்திருந்தால் வலி உடனே தெரியாது. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஊசி போடுபவர் தோல்நோய் நிபுணரா, பிளாஸ்டிக் சர்ஜனா? அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? போடப்போவது ஹையலூரானிக் அமிலக் கூழா? அதைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மருந்து அதே அறையில் தயாராக இருக்கிறதா? சிலிகான் போன்றவற்றை இந்த மருந்து கரைக்காது. கேள்விகளுக்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுவதே நல்லது.

ஊசியில்லாமல் அழுத்தத்தால் கூழைச் செலுத்தும் 'ஹையலூரான் பேனா'வை வாங்கி வீட்டில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021ஆம் ஆண்டே அதற்கு எதிராக எச்சரித்தது. இங்கிலாந்தில் 18 வயது நிறையாதவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவது 2021 அக்டோபர் முதல் சட்டப்படி குற்றம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வீட்டுக்குத் தெரியாமல் ஊசி போட்டுக்கொண்ட பெண், உதடு வெளிறினாலும் வாய் திறக்கப் பயப்படுவாள். முகத்தை மூடிக்கொண்டு விடியும்வரை வலியைப் பொறுத்துக்கொள்வாள். கரைக்கும் மருந்து நன்கு வேலை செய்யக்கூடிய நேரம் அப்படியே கழிந்துவிடும். ஆகவே, "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்" என்று பிள்ளைகளிடம் இன்றே சொல்லி வையுங்கள். அப்படி ஒரு நிலை வந்தால் ஐஸ் வைக்காதீர்கள். அது குழாயை மேலும் சுருக்கும். ஊசி போட்டவரை உடனே அழையுங்கள். அவர் கிடைக்காவிட்டாலோ பார்வை மங்கினாலோ தாமதிக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். என்ன ஊசி, எத்தனை மணிக்குப் போட்டது என்பதையும் சொல்லுங்கள். கண்டிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.