ஆறு மணிக் கதைக்கு அறுபது டாலரா?

வீடியோ விளையாட்டுக்களுள், துப்பாக்கி ஏந்திப் பகைவரைச் சுட்டு முன்னேறும் வகையினை ஷூட்டர் என வழங்குவர். இவ்வகையில் விலைக்கு வருவன பெரும்பாலும் இரு பகுதிகளை உடையன. ஒன்று, ஒருவன் தனித்திருந்து தொடக்கமுதல் முடிவுவரை ஒரு கதையினை ஆடிச் செல்லும் பகுதி. இதற்குக் கேம்பெயின் என்பது பெயர். மற்றொன்று, இணையத்தின் வாயிலாகப் பலர் கூடி ஒருவரோடொருவர் பொருதும் பகுதி. இது மல்டிபிளேயர் எனப்படும். முன்னது பல விளையாட்டுக்களில் ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றது. பின்னதற்கு முடிவு என்பதே இல்லை. விலையோ, அமெரிக்க நாட்டில், 2005-ஆம் ஆண்டின் இறுதியை அடுத்து 60 டாலராக நிலைபெற்று, 2020-ஆம் ஆண்டுமுதல் பல விளையாட்டுக்களுக்கு 70 டாலராக உயர்ந்துள்ளது. இத்துணைச் சிறிய கதைக்கு இத்துணைப் பெரிய விலை தகுமோ என்பது ஆடுவோரிடையே நெடுநாளாக நிகழும் வழக்கு. அதனை ஒருசிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விளையாட்டைப் பற்றித் தமிழ்ப் பகுதியில் எழுதுவதேன் என வினவுவார் சிலர் இருத்தல் கூடும். நம் விடுதி அறைகளில் இரவுதோறும் எழும் வெடியோசையைக் கேட்டவர் அவ்வினாவை எழுப்பார்.

குறை கூறுவாரது கணக்கு எளியது. 60 டாலரை 6 மணியால் வகுப்பின் மணியொன்றுக்கு 10 டாலர் வரும். 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சினிமா நுழைவுச் சீட்டொன்றின் சராசரி விலை 9 டாலருக்கும் சற்றுக் குறைவு. படம் ஓடுவது ஏறத்தாழ 2 மணி. ஆகவே மணியொன்றுக்கு நாலரை டாலர்கூட ஆவதில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் அதே 60 டாலருக்கு விற்ற 'தி விட்ச்சர் 3' (2015) என்னும் வேறினத்து விளையாட்டோ, கிளைக்கதைகளையும் சேர்த்து ஆடுவார்க்கு 100 மணிக்கு மேலும் நீள்கின்றது. ஒரே விலைக்கு ஒருவன் ஒரு மாதத்து மாலைப்பொழுதெல்லாம் பெற, மற்றொருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலை மட்டும் பெறுவது முறையோ என்பது அவர் வினா. செல்வர் இக்கணக்கினை எள்ளி நகையாடலாம். ஆண்டுக்கு ஒரு விளையாட்டே வாங்கத்தக்க கைப்பொருளுடைய மாணவன் அங்ஙனம் நகையாடான். தவறானதொன்றை அவன் வாங்கிவிடின் அடுத்த ஆண்டுவரை அவனுக்கு மாற்றில்லை. ஆதலின் இக்கணக்கைப் பொருட்படுத்தாது தள்ளுதல் கூடாது.

எனினும், மணிக்கணக்கு ஒன்றே அளவுகோலாயின் விளைவது யாது? நூலாசிரியனுக்குப் பக்கக் கணக்கில் கூலி கொடுத்து எழுதுவித்தால் நூல் எவ்வாறு ஆகுமோ அவ்வாறே விளையாட்டும் ஆகும். ஒரு கதவைத் திறக்க மூன்று திறவுகோல்களைத் தேடி வீரன் வந்த வழியே மும்முறை மீள்வான். ஒரே முற்றத்தில் பகைவர் அலையலையாக வந்து வீழ்வர். முன்பு கண்ட இடமே பெயர் மாறி மீண்டும் வரும். இவை நேரத்தை வளர்க்கும், இன்பத்தை வளர்க்கமாட்டா. பத்துப்பாட்டினுள் முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. மதுரைக்காஞ்சி 782 அடிகளான் நடப்பது. முன்னதன் மதிப்புப் பின்னதில் ஏழிலொரு பங்கினும் குறைவென்று கூறுவாரை யாம் கண்டிலம். நப்பூதனார் இன்னும் நூறடி பாடியிருந்தால் பாட்டு இருமடங்கு சிறந்திருக்கும் என்பாரும் இலர்.

இனி, இக்கதைகள் குறுகியமைக்குக் காரணம் காண்போம். 1993-ஆம் ஆண்டில் ஐடி சாஃப்ட்வேர் என்னும் சிறு குழுவினர் 'டூம்' என்பதனை வெளியிட்டனர். அதன் மூன்று பகுதிகளுள் முதற்பகுதியை யாவரும் இலவசமாகப் பெறலாம். சுவைத்தவர் பணம் அனுப்பி ஏனைய இரண்டனையும் பெற்றனர். சுவரும், கதவும், திறவுகோலுமே அதன் உலகம்; பேசும் மாந்தர் இலர். 1998-ஆம் ஆண்டில் வால்வ் நிறுவனத்தாரின் 'ஹாஃப்-லைஃப்' வந்தபின் நிலை மாறியது. ஆடுவோன் கண்முன்னரே, அவன் நடந்துசெல்லும்போதே, கதை நிகழலாயிற்று. 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய 'கால் ஆஃப் டியூட்டி' வரிசை இம்முறையைப் போர்க்களத்தில் பெருக்கியது. இத்தகைய கதையில் ஒரு நடைவழியை ஆடுவோன் அரை நிமிடம் காண்கின்றான். பின் ஒருபோதும் காண்பதில்லை. அவ்வரை நிமிடத்திற்கெனச் சுவரின் புகைக்கறையும், மேசைமேல் உடைந்த கோப்பையும், உடன்வரும் வீரனின் சொல்லும் நடையும் தனித்தனியே ஆக்கப்படுகின்றன. மல்டிபிளேயருக்கு அமைக்கும் களமோ சிறியது. அச்சிறு களத்திலேயே ஆயிரம் முறை போர் நிகழும். எனவே உழைப்பும் நேரமும் ஒத்து நடப்பன அல்ல. ஆறு மணிக் கதை, அறுநூறு மணி ஆடத்தகும் களங்களினும் மிக்க செலவினைக் கொள்ளுதல் கூடும்.

அங்ஙனம் உழைத்த உழைப்பு வீண்போகாத இடங்களுள் சிலவற்றைக் காட்டுதும். 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்' கதை ஆறேழு மணியில் முடிவது. அதன் இடையில், நாம் இதுகாறும் இயக்கிவந்த அமெரிக்கப் படைவீரன் ஒருவன் ஏறிய ஹெலிகாப்டர், அணுகுண்டு வெடித்தலால் நிலத்தில் வீழ்கின்றது. கண்விழித்த அவன் உடைந்த ஊர்தியினின்று ஊர்ந்து வெளிப்போந்து, புழுதி படர்ந்த தெருவிற் சில அடி தள்ளாடி உயிர்விடுகின்றான். சுடுதற்குப் பகைவர் எவருமிலர். பொத்தான்களை எவ்வாறு அழுத்தினும் அவனைக் காத்தல் இயலாது. அக்காட்சி ஓரிரு நிமிடமே நிகழ்வது. அதனைப் பத்து நிமிடமாக்கியிருப்பின் அது கெட்டிருக்கும். அவ்விளையாட்டிலேயே செர்னோபிலை அடுத்த ப்ரிப்யாத் என்னும் கைவிடப்பட்ட நகரில் நிகழும் பகுதி ஒன்றுண்டு. புல்லால் வேய்ந்த உடையணிந்த இருவர் பகைவர் கண்ணிற் படாது ஊர்கின்றனர். ஒரு படையே அவரைக் கடந்து செல்ல, அவர் புல்லோடு புல்லாய் அசையாது கிடத்தல் வேண்டும். சுடும் விளையாட்டினுள் சுடாமையையே சுவையாக்கிய அப்புதுமை, மல்டிபிளேயர் களத்தில் ஒருகாலும் விளையக்கூடியதன்று.

மற்றொன்று 'டைட்டன்ஃபால் 2'. இதன் முன்னோனாகிய 'டைட்டன்ஃபால்' (2014) தனிக்கதை இன்றி மல்டிபிளேயர் ஒன்றனையே கொண்டு 60 டாலருக்கு வந்தது. கதை இல்லையே எனப் பலரும் குறைகூறினர். ரெஸ்பான் நிறுவனத்தார் அக்குறையை ஏற்று, 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் வந்த இரண்டாவதில் ஏறத்தாழ ஆறு மணி நேரக் கதையொன்றை அமைத்தனர். ஜாக் கூப்பர் என்னும் வீரனும், பிடி-7274 என்னும் பேரியந்திரமும் கொள்ளும் நட்பே கதை. அதன்கண் ஒரு பகுதி சாலச் சிறந்தது. பாழடைந்த ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் கூப்பருக்குக் கைக்கருவி ஒன்று கிடைக்கின்றது. பொத்தானை அழுத்தினால் அக்கூடம் அழியாதிருந்த பழைய நாளுக்குச் செல்கின்றான். மீண்டும் அழுத்தினால் இந்நாளுக்கு வருகின்றான். இந்நாளில் தீப்பற்றி மூடிக்கிடக்கும் வழி அந்நாளில் விளக்கொளியோடு திறந்திருக்கும். அந்நாளில் காவலர் நிற்கும் இடம் இந்நாளில் வெறுமையாயிருக்கும். ஒரு காலத்துச் சுவரினின்று தாவி, வானிலேயே காலத்தை மாற்றி, மற்றொரு காலத்துச் சுவரிற் கால்பதிக்க வேண்டும். வியப்பு யாதெனின், இத்துணை அரிய கருவியை அவர் ஒரே ஒரு பகுதிக்குப் பயன்படுத்திவிட்டு, அதன்பின் நம் கையினின்று வாங்கிவிடுகின்றனர். வேறொருவர் இக்கருவி ஒன்றையே இருபது மணி விளையாட்டாக நீட்டியிருப்பர். இதனை ஊதாரித்தனம் என்பார் என்க. யாம் வண்மை என்போம். வணிகத்தில் அவ்வண்மைக்குக் கைம்மாறு கிட்டவில்லை. 'பேட்டில்ஃபீல்டு 1' வந்து ஒரு வாரம் கழித்தும், புதிய 'கால் ஆஃப் டியூட்டி' வருவதற்கு ஒரு வாரம் முன்னும் அது கடைக்கு வந்தது. இரண்டிற்கும் இடையில் நசுங்கியது. அவ்வாண்டு முடியுமுன்னரே பெரிய தள்ளுபடிக்கு விற்கப்பட்டது.

இங்ஙனம் கூறுதலால் குறுமை எல்லாம் செறிவென்று கொள்ளற்க. 2015-ஆம் ஆண்டில் வந்த 'தி ஆர்டர்: 1886', மல்டிபிளேயர் இன்றி ஐந்தாறு மணிக் கதை மட்டும் உடையது, விலை 60 டாலர். வெளிவருமுன்னரே அதன் நீளம்பற்றிப் பூசல் எழுந்தது. காட்சியழகில் அதனை விஞ்சியது அந்நாளில் அரிது. ஆயினும் அவ்வைந்தாறு மணியுள்ளும் ஆடுவோன் கைகட்டிப் பார்த்திருக்கும் நேரம் மிகுதி. நீளத்தைக் குறைகூறினார் உண்மையில் நொந்தது இதனையே என்பது எம் கருத்து. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் 70 டாலருக்கு வந்த 'மாடர்ன் வார்ஃபேர் III' இன்னும் தாழ்ந்த நிலையது. அதன் கதை நாலைந்து மணியில் முடிந்தது. பிற களங்களுக்கென அமைந்த நிலங்களே அதன்கண் மீண்டும் வந்தன எனவும், கதை அறுந்தது போல நின்றது எனவும் திறனாய்வாளர் கடிந்தனர். சிறிய நூல் வேறு. கிழிந்த நூல் வேறு.

விலையைப் பற்றி விற்போரே கொண்ட மதிப்பீடு யாது? அதனை அறிய வழியுண்டு. 2018-ஆம் ஆண்டில் 'பிளாக் ஆப்ஸ் 4' வழக்கமான கதைப்பகுதி இன்றி வந்தது. ஆயினும் விலை 60 டாலரினின்று இறங்கவில்லை. இதனை நோக்குவார், கதைக்கு அவர் இட்ட விலை சுழியமோ என ஐயுறுவர். 2020-ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தார், 2009-ஆம் ஆண்டின் 'மாடர்ன் வார்ஃபேர் 2' கதையை மட்டும் புதுக்கி, மல்டிபிளேயர் இன்றி, 20 டாலருக்கு விற்றனர். பழங்கதை ஆதலின் விலை குறைந்தது என்னலாம். எனினும் கதை தனித்து விற்றற்குரிய சரக்கே என்பதனை அவர் ஒப்புக்கொண்டனர். 2021-ஆம் ஆண்டில் 'ஹேலோ இன்ஃபினிட்' இதற்கு நேர்மாறாக நடந்தது. மல்டிபிளேயரை யாவர்க்கும் இலவசமாக்கி, கதைக்கு மட்டும் 60 டாலர் கேட்டனர். அக்கதை பரந்த வெளியில் நிகழ்வது, பிறவற்றினும் நீண்டது. ஆக, ஒரே இனத்துப் பொருளுக்கு மூன்றாண்டிற்குள் சுழியமும், இருபதும், அறுபதும் விலையாகக் கண்டோம். இதற்கு முன்னரே, 2006-ஆம் ஆண்டில், வால்வ் நிறுவனத்தார் 'ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் ஒன்' என்னும் ஐந்து மணிக் கதையை 20 டாலருக்குத் தந்தனர், மறுவருடம், மூன்று மணியளவில் முடியும் 'போர்ட்டல்' என்பதனை வேறு நான்கோடு ஒரே பெட்டியில் வைத்து விற்றனர். போர்ட்டலில் துப்பாக்கி உமிழ்வது குண்டன்று, வாயில்; ஆயினும் குறுங்கதைக்கு விலையிடும் வகையை அது நன்கு காட்டிற்று.

கதையை விடுத்து மல்டிபிளேயரையே நம்புவார்க்கும் ஒரு சொல். முடிவில்லாத இன்பம் என்று விற்கப்படும் அது, நிறுவனத்தாரது சர்வர் இயங்குமளவே இயங்கும். சோனி நிறுவனத்தார் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் 40 டாலருக்கு வெளியிட்ட 'கான்கார்ட்', கதைப்பகுதி இல்லாத ஷூட்டர். ஆடுவோர் தொகை மிகக் குறைந்தமையின் செப்டம்பர் 6-ஆம் நாளே அது மூடப்பட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. 2007-ஆம் ஆண்டின் ப்ரிப்யாத் பகுதியையோ இன்றும் எவரும் தம் கணினியில் தனியே ஆடலாம். ஆறு மணி என்று எண்ணும் கணக்கில் இந்நிலைபேறு சேர்வதில்லை.

இவை எல்லாம் நோக்கின் எமக்குத் தோன்றுவது இது. இணையமும் நண்பரும் உடையான் ஒருவனுக்கு 60 டாலர் இரு பகுதிக்கும் சேர்ந்த விலை. அவன் முறையிட இடம் சிறிதே. கதையை மட்டும் ஆடுவானுக்கோ, நல்ல இணைப்பு இல்லாத ஊரில் இருப்பானுக்கோ, அவ்விலை முழுதும் ஆறு மணியின்மேலேயே வீழ்கின்றது. டைட்டன்ஃபால் 2 போன்ற கதைக்கும் அது மிகையே என்பேம். மாடர்ன் வார்ஃபேர் III போன்றதற்கு அதிற் பாதியும் மிகை. தரத்தை முன்னறியச் சிறிது துணையுண்டு. ஸ்டீம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணிக்கும் குறைவாக ஆடியிருப்பின், பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 2015-ஆம் ஆண்டுமுதல் உள்ள விதி. ஆறு மணிக் கதையில் மூன்றிலொரு பங்கு சுவைத்துப் பார்க்க அது போதும். ஓராண்டு பொறுத்திருத்தலும் நன்று. டைட்டன்ஃபால் 2 பிற்காலத்துச் சலுகை நாட்களில் 5 டாலருக்கும் கிடைத்தது. ஆயினும் பொறுத்திருக்குமாறு வாங்குவோனுக்கு மட்டும் அறிவுரை கூறுவது ஒருபாற்கோடல் ஆகும். கதைப்பகுதியைத் தனியே விலையிட்டு விற்றல் விற்போர் கையில் உள்ளது. 2020-ஆம் ஆண்டில் பழைய கதைக்கு இயன்ற அது, புதிய கதைக்கு இயலாமைக்குத் தக்க காரணம் எமக்குப் புலப்படவில்லை.