வெளிநாட்டு எம்பிபிஎஸ்: ஃபீஸ் கணக்கு போட்டாச்சு, எஃப்எம்ஜிஇ கணக்கு போட்டீங்களா?

ஜார்ஜியா, ரஷ்யா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ்னு பிள்ளையை டாக்டருக்குப் படிக்க அனுப்புற வீடுகள்ல முதல் கேள்வி, "மொத்தம் எவ்ளோ ஆகும்?" ஏஜென்ட் ஒரு பேப்பர்ல ஃபீஸ், ஹாஸ்டல், விமான டிக்கெட் எல்லாம் எழுதிக் கொடுத்துடுவார். படிப்பு முடிஞ்ச நாள்ல இருந்து முதல் சம்பளம் வர்ற வரைக்கும் ஆகுற செலவு மட்டும் அந்த பேப்பர்ல இருக்காது. கடன் வாங்கின குடும்பத்துக்கு அடி விழுறது அங்கதான்.

வெளிநாட்டுல எம்பிபிஎஸ் முடிச்சவங்க இந்தியாவுல டாக்டரா பதிவு பண்ணணும்னா எஃப்எம்ஜிஇ தேர்வுல பாஸ் ஆகணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன்லயும் டிசம்பர்லயும் நடக்குது. 300 கேள்விக்கு 150 மார்க் எடுத்தா பாஸ். நெகட்டிவ் மார்க் கிடையாது, எத்தனை முறை வேணும்னாலும் எழுதலாம். கேட்க சுலபமா இருக்கு. ஆனா 2024 ஜூன் தேர்வுல பாஸ் ஆனவங்க சுமார் ஐந்தில் ஒருத்தர்தான். பாஸ் ஆன பிறகும் இந்தியாவுல 12 மாசம் இன்டர்ன்ஷிப் பண்ணணும். அதுக்கும் சீட் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கணும், ஏன்னா ஒரு கல்லூரி தன்னோட மொத்த இடங்கள்ல 7.5 சதவீதம் அளவுக்குத்தான் வெளிநாட்டுல படிச்சவங்களைக் கூடுதலா எடுக்கலாம்.

இப்போ கடன் கணக்குக்கு வருவோம். 20 லட்சம் கல்விக்கடன், வருஷத்துக்கு 4 லட்சமா 5 தவணைல வாங்குறீங்க, வட்டி 10%னு வெச்சுக்குவோம். படிப்பு 6 வருஷம். பொதுவா படிப்பு முடிஞ்சு இன்னும் ஒரு வருஷம் வரைக்கும் இஎம்ஐ கட்ட வேண்டாம். ஆனா வட்டி மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். முதல் 4 லட்சத்துக்கு 7 வருஷ வட்டி, அடுத்ததுக்கு 6 வருஷம்னு தனி வட்டியாவே போட்டாலும் மொத்தம் 10 லட்சம் சேரும். 20 லட்சம் கடன் 30 லட்சமா நிக்கும். 10 வருஷத்துல அடைக்க மாச இஎம்ஐ சுமார் 39,600 ரூபாய்.

பையன் ஜூன்ல படிப்பை முடிக்கிறான். டிசம்பர்ல முதல் முயற்சியிலேயே பாஸ் ஆனாலும் இன்டர்ன்ஷிப் முடிய ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். இஎம்ஐயோ அடுத்த ஜூலைலயே ஆரம்பிச்சிடும். அதாவது, எட்டு மாசம் வீட்டுல இருந்துதான் கட்டணும். டிசம்பர்ல ஃபெயில் ஆகி ஜூன்ல பாஸ் ஆனா அது 14 மாசம் ஆகிடும். ஒரு முயற்சி தவறினா கூடுதலா 2,37,600 ரூபாய். தேர்வுக் கட்டணம், கோச்சிங், ரூம் வாடகை எல்லாம் இதுக்கு மேல. "ஆறு மாசம்தானே, அடுத்த தடவை பார்த்துக்கலாம்"னு சொல்றவங்ககிட்ட இந்தக் கணக்கைக் காட்டுங்க.

அதனால தேர்வுக்குத் தயாராகுறதும் நம்ம பணக் கணக்குல ஒரு பகுதிதான். இறுதி ஆண்டு முடிஞ்சு ஊருக்கு வந்து லட்சக்கணக்குல கோச்சிங் கட்டுறதை விட, மூணாவது வருஷத்துலயே ஒரு ஆன்லைன் கோர்ஸ் வாங்கி, காலேஜ் பாடத்தோட சேர்த்துப் படிக்கிறது எவ்வளவோ மேல். 100 கேள்வி அனாட்டமி, பிசியாலஜி மாதிரி முதல் வருஷங்கள்ல படிக்கிற பாடங்கள்ல இருந்து வரும். 200 கேள்வி மெடிசின், சர்ஜரி போன்ற கிளினிக்கல் பக்கம். அதுல பலர் கோட்டை விடுறது சமூக மருத்துவம். 30 மார்க்! நம்ம ஊர் தடுப்பூசி அட்டவணை, காசநோய்த் திட்டம், ஆஷா பணியாளர் வேலை இதையெல்லாம் பிஷ்கெக்ல யாரு சொல்லித் தருவாங்க? தடய மருத்துவத்துல வர்ற இந்தியச் சட்டமும் அப்படித்தான். ரெண்டும் நம்ம புத்தகத்தை வெச்சு லீவுல படிச்சாலே புரியும்.

முடிஞ்சவங்க படிக்கும்போதே மாச வட்டியைக் கட்டிடுங்க. மேல சொன்ன கடனுக்கு முதல் வருஷம் மாசம் 3,333 ரூபாய்தான், அஞ்சாவது வருஷம் 16,667 ஆகும். முழுசா கட்டிட்டு வந்தா கடன் 20 லட்சத்துலயே நிக்கும், இஎம்ஐ சுமார் 26,400. இப்படிக் கட்டுறவங்களுக்கு சில வங்கிகள் வட்டியிலும் சலுகை தர்றாங்க, கேட்டுப் பாருங்க. கடன் அப்பா பேர்லயும் இருந்து அவரே வட்டி கட்டினா, பழைய வரி முறையில அந்த வட்டி முழுசுக்கும் 8 வருஷம் வரை கழிவு உண்டு. புதிய முறையில கிடையாது.

சேர்றதுக்கு முன்னாடி கல்லூரிகிட்ட எழுத்துல வாங்க வேண்டியது: படிப்பு குறைஞ்சது 54 மாசம், அதே நிறுவனத்துல 12 மாசம் இன்டர்ன்ஷிப், பாடம் ஆங்கிலத்துல. 2021 நவம்பர்ல வந்த என்எம்சி விதிப்படி இதுல ஒண்ணு குறைஞ்சாலும் இங்க பதிவு கிடைக்காது.