ஒரே தனிமம், இரண்டு உருகுநிலைகள்



கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையிலிருந்து இறங்கிக் கோமுகி அணையில் தேங்கும் நீரிலும், உலகின் பிற நீர்நிலைகளைப் போலவே, ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் டியூட்டிரியம் கலந்துள்ளது. அது வேறொரு தனிமம் அன்று. அணுக்கருவில் புரோட்டானோடு ஒரு நியூட்ரானும் சேர்ந்ததால் எடை இருமடங்கான ஹைட்ரஜனே ஆகும். இவ்வாறு புரோட்டான் எண்ணிக்கை ஒத்தும் நியூட்ரான் எண்ணிக்கை வேறுபட்டும் உள்ள அணுக்கள் ஐசோடோப்புகள் எனப்படும். வேதிப்பண்புகளை எலக்ட்ரான்களே பெரிதும் தீர்மானிப்பதால், ஐசோடோப்புகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் சாதாரண ஹைட்ரஜன் சுமார் 14 கெல்வினில், அதாவது சுழிக்குக் கீழே 259 பாகை செல்சியஸில் உருகிவிட, டியூட்டிரியமோ 18.7 கெல்வின் வரை திண்மமாகவே நிற்கிறது.

மூலக்கூறுகளுக்கிடையே உள்ள ஈர்ப்பு இவ்விரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், வேறுபாட்டின் காரணத்தை எடையில்தான் தேட வேண்டும். குவாண்டம் இயற்பியலின்படி, எவ்வளவு குளிர்வித்தாலும் திண்மத்திலுள்ள மூலக்கூறு முற்றிலும் அசைவற்றுப் போவதில்லை; அப்போதும் அதனிடம் எஞ்சும் அதிர்வாற்றல் சுழிப்புள்ளி ஆற்றல் எனப்படுகிறது. எடை குறைந்த மூலக்கூறு மிகுதியாக அதிர்வதால் அதன் படிகம் முன்னரே தளர்ந்திருக்கிறது, ஆகவே சிறிது வெப்பமே அதைக் குலைத்துவிடுகிறது. இந்த உருகுநிலை வேறுபாட்டோடு உறவுடைய கொதிநிலை வேறுபாட்டை (ஹைட்ரஜனுக்கு 20.3 கெல்வின், டியூட்டிரியத்துக்கு 23.7) பயன்படுத்தி, திரவ ஹைட்ரஜனைக் காய்ச்சி வடித்தே 1962இல் பஞ்சாபின் நங்கலில் டியூட்டிரியத்தால் ஆன நீராகிய கனநீரை ஆக்கும் நாட்டின் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. 1983இல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் அணுஉலையில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கப் பயன்பட்டதும் கனநீரே. அது உறைவது சுழியில் அன்று, 3.8 பாகை செல்சியஸில்.

எடை வேறுபாடு சிறுத்தால் விளைவும் சிறுக்கும். நியான்-20, நியான்-22 ஆகியவற்றின் உருகுநிலைகள் ஏறத்தாழ 0.15 கெல்வின் மட்டுமே விலகுகின்றன. இதை அற்பமென ஒதுக்குவது தவறு. திண்மம், திரவம், வளிமம் மூன்றும் ஒருங்கே நிலவும் நியானின் மும்மைப் புள்ளியை 24.5561 கெல்வின் என 1990ஆம் ஆண்டின் அனைத்துலக வெப்பநிலை அளவுகோல் அடிப்படையாகக் கொண்டிருப்பதால், உருளையில் அடைத்த நியானின் ஐசோடோப்புக் கலப்பு சற்று மாறினாலும் நுண்ணிய வெப்பமானியின் அளவீடு பிழைபடும்.

கனமானதே எப்போதும் பிந்தி உருகும் என்று விதி வகுத்துவிடவும் இயலாது. சாதாரண மீத்தேன் 90.7 கெல்வினில் உருக, டியூட்டிரியத்தால் ஆன மீத்தேன் அதற்கும் குறைவாக, 89.8 கெல்வின் அளவிலேயே உருகிவிடுகிறது; ஏனெனில் கார்பன்–டியூட்டிரியப் பிணைப்பு சற்றுக் குறுகியதாகி, மூலக்கூறுகளிடையே உள்ள ஈர்ப்பும் தளர்கிறது. சுழிப்புள்ளி அதிர்வு, ஈர்ப்புத் தளர்வு ஆகிய இவ்விரு விளைவுகளில் எது எங்கே மேலோங்கும் என்பதை, மாணவர்கள் கல்லூரிப் படிப்பை எட்டும்போது குவாண்டம் வேதியியல் நூல்களில் தேடிப் படித்துத் தாமே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.