தூங்கும் பையனும் போலந்தும்

அன்புள்ள மாணவிக்கு,

உன் கட்டுரையில் ஒரு வரி உறுத்துகிறது. ஸ்தனிஸ்லாவ் விஸ்பியான்ஸ்கியின் பாஸ்டல் உருவப்படங்கள் வெறும் குடும்பப் படங்களாம். போலந்தின் தேசிய ஓவியம் வேண்டுமென்றால் அவருடைய ஆசிரியர் யான் மத்தெய்க்கோ தீட்டிய போர்க்களங்களைத்தான் பார்க்க வேண்டுமாம். குதிரையும் வாளும் இருந்தால்தான் தேசமா? படித்தவர்கள் பலரும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்பதால் இத்தனை நீளக் கடிதம்.

போலந்து மூன்று பேரரசுகளுக்குப் பங்கான கதை உனக்குத் தெரியும். ஆஸ்திரியாவின் பங்கில் சேர்ந்த கிராக்கோவில் 1869இல் பிறந்தவர் விஸ்பியான்ஸ்கி. 1907இல், 38 வயதில் இறந்தார். 1918இல் வந்த விடுதலையைப் பார்க்கவில்லை. மத்தெய்க்கோவிடம் படித்தார், அவருடைய மேற்பார்வையில் மரியன்னை தேவாலயச் சுவர்களில் வண்ணம் தீட்டினார், பாரிசுக்குப் போய்த் திரும்பினார். நாடகம், கவிதை, அச்சு வடிவமைப்பு, நாற்காலி மேசை என்று கை வைக்காத துறை இல்லை. முகங்களை வரைய மட்டும் பெரும்பாலும் பாஸ்டல் குச்சியையே எடுத்தார்.

பாஸ்டல் என்றதும் 18ஆம் நூற்றாண்டு வெனிசின் ரோசால்பா கரியேரா நினைவுக்கு வருவார். பவுடர் பூசிய கன்னம், பட்டின் மினுமினுப்பு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத நிழல். விஸ்பியான்ஸ்கி அந்தப் பக்கமே போகவில்லை. 1904இல் வரைந்த ‘தூங்கும் ஸ்தாஷ்’ படத்தில் அவருடைய சின்ன மகன் அயர்ந்து தூங்குகிறான். தலைமுடி, காது, சட்டை மடிப்பு எல்லாவற்றையும் ஓர் அழுத்தமான கோடு சுற்றி வளைத்துப் பிடித்திருக்கிறது. ஜப்பானிய அச்சுப்படங்களிலிருந்து வந்த கோடு அது என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். பெலிக்ஸ் யாசியென்ஸ்கி சேர்த்த ஜப்பானியப் படங்கள் அன்றைய கிராக்கோவ் ஓவியர்களை மயக்கியது உண்மைதான். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

பிரான்சிஸ்கன் தேவாலயத்துக்கு அவர் வடிவமைத்த வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பார். கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகள் பிணைத்திருக்கின்றன. பட்டை இல்லாவிட்டால் சாளரம் உதிர்ந்துவிடும். காகிதத்துக்கு ஈயம் தேவையில்லை. ஆனாலும் சாளரத்துக்குப் பழகிய கை, பிள்ளையின் கன்னத்தைச் சுற்றியும் அதே பட்டையைப் போடுகிறது. புனிதர்களுக்குக் கிடைத்த கோடு வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கிறது. இது இந்தக் கிழவனின் சொந்தப் பித்து என்று நீ சிரிக்கலாம். சிரித்துவிட்டு, அதே தேவாலயச் சுவரில் அவர் தீட்டிய மாதாவைப் பார். அவள் கிராக்கோவ் வட்டாரக் குடியானவப் பெண்ணின் உடையில் நிற்கிறாள்.

அப்படியானால் நாட்டுப்புற உடைதான் தேசியம் என்று அடுத்த கட்டுரையில் எழுதிவிடாதே! அந்தப் பொறியை அவரே நன்றாக அறிந்தவர். 1900இல் தேயோடோரா என்ற குடியானவப் பெண்ணை மணந்தார். அதே ஆண்டு அவருடைய நண்பரான கவிஞர் லூட்சியன் ரீடெல், ப்ரோனோவிட்சே கிராமத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். நகரத்துப் படிப்பாளிகளுக்குக் கிராமத்து மோகம் தலைக்கேறியிருந்த காலம். அந்தக் கல்யாண வீட்டை வைத்து விஸ்பியான்ஸ்கி எழுதிய ‘திருமணம்’ நாடகம் 1901இல் மேடையேறி ஊரையே கலக்கியது. 1846இல் குடியானவர்கள் பண்ணையார்களை வெட்டிச் சாய்த்த கலவரத்தின் தலைவன் யாகுப் ஷேலா, அதில் பேயாக வந்து விருந்துக்குள் நுழைகிறான். எழுச்சிக்கு அழைக்கும் பொற்கொம்பு தொலைந்துபோகிறது. வைக்கோல் பொம்மை இசைக்க, எல்லோரும் மயக்கத்தில் ஆடுகிறார்கள்.

இந்த நாடகத்தை எழுதியவர்தான் 1904இல் தன்னையும் தேயோடோராவையும் ஒன்றாக வரைந்தார். நாட்டுப்புற உடையில் இருக்கும் அவளை அவர் அழகுபடுத்தவில்லை, பொம்மையாக்கவும் இல்லை. 1905இன் ‘தாய்மை’யில் அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். மோகம் கொண்டவர்கள் தூரத்திலிருந்து ரசித்த கிராமம் இந்தப் படங்களில் கைக்கெட்டும் தூரத்தில், கலைஞரின் வீட்டுக்குள் இருக்கிறது.

நோய் அவரை வீட்டோடு முடக்கியபோது, தன் ஓவிய அறையின் ஜன்னலிலிருந்து கொஷ்சியூஷ்கோ மேட்டைத் திரும்பத் திரும்பப் பாஸ்டலில் வரைந்தார். 1794இல் அரிவாள் ஏந்திய குடியானவர்களைப் போருக்கு அழைத்துச் சென்ற தளபதியின் நினைவாக மண் கொட்டி எழுப்பிய மேடு அது. மத்தெய்க்கோ அந்தப் போரையே பெரிய திரையில் வெற்றிக் காட்சியாகத் தீட்டியிருக்கிறார். சீடரின் படங்களிலோ மேடு அடிவானத்தில் சிறிதாகத் தெரிகிறது. முன்னால் பனி, மொட்டை மரங்கள், வெறும் பாதை.

வாவெல் பேராலயச் சாளரத்துக்கு அவர் பாஸ்டலில் வரைந்த மாமன்னர் கஷிமியெஷ் படத்தையும் தேடிப் பார். மணிமுடி சூடிய எலும்புக்கூடு! அது அன்று ஏற்கப்படவில்லை. கண்ணாடியாகி கிராக்கோவின் விஸ்பியான்ஸ்கி மண்டபத்தில் இடம்பிடித்தது 2007இல்தான். அந்தப் படத்தையும் ‘தூங்கும் ஸ்தாஷ்’ படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடுகளை மட்டும் கவனித்து, கட்டுரையின் இரண்டாம் பகுதியைத் திருத்தி அனுப்பு. மத்தெய்க்கோ பற்றிய பத்தி இருக்கட்டும். அதைப் பாதியாகக் குறை.

அன்புடன்,
உன் ஆசிரியன்