ரேம் வோல்டேஜ் ஆடுகிறதா? பெஞ்சுக்குப் புதியவர்களுக்கு ஒன்பது அறிவுரைகள்

அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது, நீலத்திரை வருகிறது, சாஃப்ட்வேரில் பார்த்தால் ரேம் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்று ஒரு போர்டு வந்தால், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் கை நேரே சால்டரிங் அயர்னுக்குப் போகிறது. கொஞ்சம் பொறுங்கள். ஆடுவது வோல்டேஜா, அதைக் காட்டும் எண்ணா என்று முதலில் தீர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு இந்த வரிசையில் போங்கள்.

1. எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு அளக்க உட்காருங்கள். டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்3எல்-க்கு 1.35, டிடிஆர்4-க்கு 1.2. டிடிஆர்4-இல் 1.14 முதல் 1.26 வரை ஏற்கத்தக்கதுதான். பயாஸில் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதே டிடிஆர்4 பெரும்பாலும் 1.35-இல் ஓடும்; அது கோளாறு இல்லை. ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள்.

2. திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். போர்டில் உள்ள சூப்பர் ஐஓ சிப்தான் வோல்டேஜைப் படித்து சாஃப்ட்வேருக்குச் சொல்கிறது. அது படிப்படியாகத்தான் எண்ணும். பல சிப்களில் ஒரு படி 8 அல்லது 16 மில்லிவோல்ட். 16 மில்லிவோல்ட் சிப்புக்கு 1.350 என்ற எண்ணே கிடையாது. 1.344-க்கு அடுத்து 1.360தான். ஆகவே அசையாமல் நிற்கும் 1.35 வோல்ட்கூட அங்கே 1.344, 1.360 என்று மாறி மாறித் தெரியும். இந்த இரண்டு எண்ணுக்குள் மட்டும் ஆட்டம் இருந்தால் வோல்டேஜைக் குறை சொல்லாதீர்கள். கோளாறை வேறு இடத்தில் தேடுங்கள்.

3. மீட்டரை எடுத்து நேரடியாக அளங்கள். டிசி 2 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். கறுப்பு புரோப் போர்டின் திருகுத் துளையைச் சுற்றியுள்ள கிரவுண்டில் இருக்கட்டும். சிவப்பு புரோப்பை ரேம் ஸ்லாட் பக்கத்துக் காயிலின் வெளிவரும் முனையில், அதாவது கெப்பாசிட்டர்கள் சேரும் பக்கத்தில் வையுங்கள். மாஸ்ஃபெட் பக்கத்து முனையில் வேகமாக ஆன், ஆஃப் ஆகிக்கொண்டிருக்கும்; அங்கே அளந்து பயனில்லை. டிடிஆர்4 போர்டில் 0.6 வோல்ட் கண்டால் பதறாதீர்கள், அது பாதி வோல்டேஜில் இயங்கும் டெர்மினேஷன் லைன். மீட்டர் ரேஞ்சைத் தாண்டியதாகக் காட்டினால் ரேஞ்சை ஏற்றிப் பாருங்கள்; 2.5 கண்டால் அது விபிபி என்ற வேறு லைன். புரோப் வழுக்கி இரண்டு காலைத் தொட்டால் நல்ல போர்டும் போய்விடும். நுனி மட்டும் தெரியும்படி மீதியை டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

4. ஒரே அளவில் முடிவு கட்டாதீர்கள். ஆன் செய்ததும் ஒரு முறை, மெம்டெஸ்ட்86 ஓடும்போது ஒரு முறை, நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு முறை அளந்து, மூன்றையும் தாளில் எழுதுங்கள். லோடில் 10 மில்லிவோல்ட் இறங்குவது சகஜம். சூடேற ஏறச் சரிந்துகொண்டே போவதுதான் கவலைக்குரியது. மீட்டர் சராசரியைத்தான் காட்டும். உள்ளே ஓடும் ரிப்பிளைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும்.

5. தண்ணீர் கலங்கினால் ஊற்றைப் பார் என்பார்கள். ரேம் வோல்டேஜுக்கு எஸ்எம்பிஎஸ்தான் ஊற்று. 12 வோல்ட் லைன் 11.4 முதல் 12.6-க்குள், 5 வோல்ட் லைன் 4.75 முதல் 5.25-க்குள் நிற்க வேண்டும். லோடு ஏறும்போது அதுவும் கூடவே சரிந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாற்றிப் பாருங்கள். ஸ்லீப்பிலிருந்து எழும்போது மட்டும் தொங்கினால் ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டை அளங்கள். தூங்கும் நேரத்தில் ரேமுக்குச் சாப்பாடு அங்கிருந்துதான். வாடிக்கையாளர் வீட்டு லோ வோல்டேஜைக் காட்டிப் பழி போடுவார். நல்ல எஸ்எம்பிஎஸ் அந்த ஏற்ற இறக்கத்தை உள்ளே விடாது.

6. ஸ்டிக்கையும் ஸ்லாட்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒரே ஸ்டிக்கை ஒவ்வொரு ஸ்லாட்டிலும், பிறகு வேறு ஸ்டிக்கை அதே ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். எந்த ஸ்டிக் போட்டாலும் வோல்டேஜ் சரிந்தால் குறை போர்டில். ஒரு ஸ்டிக்கோடு மட்டும் சரிந்தால் அந்த ஸ்டிக்கைத் தள்ளி வையுங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் பிழை வந்தால் ஸ்டிக்கின் கால்களைத் துடையுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும்.

7. குறை போர்டில்தான் என்று உறுதியான பிறகு அயர்னைச் சூடாக்குங்கள். பழைய போர்டுகளில் தலை உப்பிய கெப்பாசிட்டர் கண்ணுக்கே தெரியும். தலை தட்டையாக இருந்தாலும் ஈஎஸ்ஆர் ஏறியிருக்கலாம். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் என்று கேட்டு வாங்குங்கள். கெப்பாசிட்டர் நன்றாக இருந்தால் கன்ட்ரோலர் ஐசி பக்கத்திலுள்ள ஃபீட்பேக் ரெசிஸ்டர்களைப் பாருங்கள். வெளியே எவ்வளவு போகிறது என்று ஐசிக்குச் சொல்வது அவைதான். அங்கே ஒரு சால்டர் விரிசல் விட்டிருந்தால் ஐசி தடுமாறும்.

8. பயாஸில் வோல்டேஜைக் கூட்டிப் போர்டை அனுப்பாதீர்கள். சரியும் 1.2-ஐ 1.3 ஆக்கினால் இரண்டு வாரம் ஓடும்; பழுதான பாகம் இன்னும் சூடாகும். திரும்பி வரும்போது ரேமையும் சேர்த்துக் கொண்டு வரும்.

9. டிடிஆர்5-க்கு இந்தக் கணக்கு மாறுகிறது. வோல்டேஜைச் சீர்செய்யும் பிஎம்ஐசி ஸ்டிக்கிலேயே ஏறிவிட்டது. டெஸ்க்டாப் ஸ்டிக்குக்கு போர்டு 5 வோல்ட் கொடுத்தால், அதை 1.1 ஆக்குவது ஸ்டிக்கின் வேலை. ஸ்லாட்டுக்கு 5 வோல்ட் அசையாமல் வந்தும் 1.1 ஆடினால் போர்டைப் பிரிக்காதீர்கள், ஸ்டிக்கை மாற்றுங்கள். எது வந்தாலும் வேலை முடிந்ததும் மெம்டெஸ்டை ராத்திரி முழுக்க ஓட விட்டு, காலையில் ஒரு பிழையும் இல்லை என்று பார்த்த பிறகே பில் போடுங்கள்.