டயரின் கருமை

இரப்பர் மரத்தின் பால் வெண்மையானது. அதிலிருந்து உருவாகும் டயரோ கருமையானது. இக்கருமையைத் தரும் தூளே டயரின் ஆயுளை நீட்டிக்கிறது.

1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர், இரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றி அதற்கு உறுதியூட்டும் வழியைக் கண்டறிந்தார். ஆயினும், சாலையில் உராய்ந்தபோது அவ்விரப்பர் விரைந்து தேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்பன் கருந்தூள் சேர்க்கப்பட்ட பின்னரே தேய்மானம் வெகுவாகக் குறைந்தது.

இதற்குக் காரணம் யாது? இத்தூளின் அடிப்படைத் துகள் ஏறத்தாழ 20 முதல் 50 நானோமீட்டர் அளவினது. துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்குரிய மேற்பரப்பு பெருகும். ஒரு கிராம் தூளின் மேற்பரப்பு ஏறக்குறைய 100 சதுர மீட்டராகும். இரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் அப்பரப்பைப் பற்றிக்கொள்வதால் உராய்வில் எளிதில் பிய்வதில்லை.

டயர் தேயாதிருந்தால் மட்டும் போதாது. ஈரச்சாலையைப் பற்றவும், எரிபொருளை வீணாக்காமல் உருளவும் வேண்டும். இதற்காக 1990களில் கார் டயர்களில் சிலிக்கா நுண்துகள்கள் பயன்பாட்டுக்கு வந்தன. நீரை நாடும் சிலிக்கா, இரப்பருடன் எளிதில் சேராது, தனித்துத் திரளும். சிலேன் என்னும் வேதிப்பொருள் இரண்டையும் பாலமாக இணைக்கிறது.

திரண்ட துகள்கள் விரிசலுக்கு வித்தாகும். சீராகப் பரவி இரப்பரோடு பிணைந்தால்தான் சிறுமை வலிமையாகும். மழைநாளில் பிரேக்கை அழுத்தும் ஓட்டுநர் நம்பியிருப்பது, கண்ணுக்குப் புலனாகாத அப்பிணைப்பையே.