பம்மல் முதல் வெள்ளித்திரை வரை: தமிழ்த்துறையில் திரைப்பட ஆய்வு

முன்னுரை

பல்லாவரத்திற்கு மேற்கே, இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்ட ஊர் பம்மல். 'பம்மல்' என்றதும் இளைய தலைமுறையினர் பலருக்கு 2002-ஆம் ஆண்டு வெளிவந்த 'பம்மல் கே. சம்பந்தம்' என்னும் நகைச்சுவைத் திரைப்படமே நினைவுக்கு வருகிறது. அப்படத்தின் நாயகன் திரைப்படங்களில் சண்டைக் காட்சிகளில் நடிப்பவன். அவன் பெயர், தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியாரின் பெயரை நினைவூட்டுவது. படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுள் எத்தனை பேர் அப்பெயருக்குரியவரை அறிவர்?

இவ்வினா சிறியதாயினும் இதிலிருந்து பெரிய வினாவொன்று எழுகிறது. மக்கள் நாள்தோறும் கண்டும் கேட்டும் மகிழும் திரைப்படத்தைத் தமிழ்த்துறையில் பாடப்பொருளாகவும் ஆய்வுப்பொருளாகவும் கொள்ளலாமா? கொள்ளலாம் என்பது மட்டுமன்று, கொள்ளுதல் கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதற்குரிய காரணங்களும் ஆய்வுநெறியும் கீழே ஆராயப்பெறுகின்றன.

நாடகம் பெற்ற மதிப்பு

சம்பந்த முதலியார் 1873-ஆம் ஆண்டு பிறந்தார். அவர்தம் குடும்பத்தின் பூர்வீக ஊர் பம்மல். சட்டம் பயின்று வழக்கறிஞராகவும் பின்னர்ச் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கியவர். இளமையில் அவருக்குத் தமிழ் நாடகத்தின்மீது பற்று இருந்ததில்லை, வெறுப்பே இருந்தது. படித்தவர்கள் கூத்தாடிகளோடு சேர்தல் இழிவு என்பது அக்காலத்து எண்ணம். பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லு குழுவினரின் தெலுங்கு நாடகங்களைக் கண்டபின் அவர் மனம் மாறியது. 1891-ஆம் ஆண்டு நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். சத்தியமூர்த்தி, ஆர்.கே. சண்முகம் செட்டியார் போன்ற பெருமக்களும் பிற்காலத்தில் அச்சபையோடு தொடர்பு கொண்டனர்.

ஏறத்தாழத் தொண்ணூறு நாடகங்களை எழுதிய முதலியார், தம் அனுபவங்களை 'நாடக மேடை நினைவுகள்' என்னும் பெயரில் ஆறு பாகங்களாக எழுதி வைத்தார். பேசும்படம் தோன்றியபோது அதனையும் ஒதுக்காமல் அத்துறையிலும் ஈடுபட்டார். அவருடைய 'சபாபதி' 1941-இலும் 'மனோகரா' 1954-இலும் திரைப்படங்களாகி மக்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றன. 1959-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 1964-இல் மறைந்தார்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. 1891-இல் படித்தவர் தீண்டத் தயங்கிய கலை, பின்னர்க் கல்லூரிப் பாடத்திட்டத்தில் 'நாடக இலக்கியம்' என இடம்பெற்றது. கலை மாறியது ஒருபுறம். அதனை நோக்கிய கற்றோர் பார்வை மாறியது மற்றொருபுறம். இன்று திரைப்படத்தை நோக்கி எழும் தயக்கம், அன்று நாடகத்தை நோக்கி எழுந்த தயக்கத்தின் தொடர்ச்சியே எனலாம்.

வெகுமக்கள் இலக்கியமும் தமிழ்த்துறையும்

நாடகத்திற்கு மட்டும் இந்நிலை ஏற்பட்டதன்று. இசுலாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றிலும் இதனைக் காணலாம். கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர், முனாஜாத்து முதலிய வடிவங்கள் இன்று ஆய்வேடுகளுக்குப் பொருளாகின்றன. 1572-ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் 'ஆயிர மசலா' இசுலாமியத் தமிழ் இலக்கியத்தின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் இவ்வடிவங்களுள் பல வீட்டுத் திண்ணைகளிலும் பெண்கள் கூடும் இடங்களிலும் உரக்கப் படிக்கப்பட்டவை. பாடக் கேட்டு மனத்தில் இருத்தப்பட்டவை. குறைந்த விலைக் குஜிலிப் பதிப்புகளாகச் சந்தைகளில் விற்கப்பட்டவையும் உண்டு. 'இவை இலக்கியமாகுமா?' என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பர். அக்கேள்விக்கு அஞ்சாமல் சிலர் சுவடிகளையும் சிறு நூல்களையும் தேடித் தொகுத்ததனாலேயே இன்று நமக்கு ஓர் இலக்கிய வரலாறு கிடைத்துள்ளது.

குஜிலிப் பாட்டுப் புத்தகத்திற்கும் திரையரங்க வாயிலில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகத்திற்கும் உள்ள தொலைவு மிகுதியன்று. ஒன்றை ஆவணம் என்று போற்றுவோர் மற்றொன்றைக் குப்பை என்று தள்ளுவது பொருந்துமா என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆய்வு முன்னோடிகள்

திரைப்பட ஆய்வைத் தமிழில் தொடங்கி வைத்தவர்கள் பொழுதுபோக்காளர்கள் அல்லர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தமிழறிஞர் கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்து இங்கிலாந்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவ்வாய்வு 1981-இல் நூலாயிற்று. அதே ஆண்டில் தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக நோக்கிய அவரது சிறு நூலும் வெளிவந்தது. சங்ககாலக் கூத்தை ஆராய்ந்தவரே சமகாலத் திரைப்படத்தையும் ஆராய்ந்தார் என்பது இங்கு நோக்கத்தக்கது. தமிழர் அனைவரும் ஒரு கூரையின்கீழ் ஒன்றாக அமர்ந்த முதல் இடம் திரையரங்கமே என்பதும், அங்கு இருக்கையை முடிவு செய்தது பிறப்பன்று, கொடுத்த காசே என்பதும் அவர் சுட்டிக்காட்டிய உண்மைகளாம். கீற்றுக்கொட்டகையின் மணல் தரையிலும் பெஞ்சிலும் நாற்காலியிலும் அமர்ந்து படம் பார்த்த நம் பெரியவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

அதே 1981-இல் சு. தியடோர் பாஸ்கரன், விடுதலைப் போராட்டக் காலத்து நாடகமும் திரைப்படமும் தேசிய உணர்வைப் பரப்பிய வரலாற்றை நூலாக வெளியிட்டார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் எம்.ஜி.ஆரின் திரை உருவத்தையும் அரசியலையும் ஆராய்ந்தார். மதுரை நகரத்து ஏழை மக்கள் திரைப்படத்தை எவ்வாறு காண்கின்றனர் என்று களத்தில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கியின் நூல் 1993-இல் வெளிவந்தது.

நிறுவன அளவிலும் இம்முயற்சி வளர்ந்தது. முஸ்லிம் கல்விப் பெருமக்கள் 1920-இல் நிறுவிய ஜாமியா மில்லியா இசுலாமியா, 1982-ஆம் ஆண்டில் மக்கள் தொடர்பியல் ஆய்வு மையத்தைத் தில்லியில் தொடங்கியது. கொல்கத்தா யாதவ்பூர்ப் பல்கலைக்கழகம் 1993-இல் திரைப்பட ஆய்வுக்கெனத் தனித்துறை கண்டது. எனவே இத்துறை கல்வியுலகிற்குப் புதியதுமன்று. முஸ்லிம் கல்வி நிறுவனங்களுக்கு அயலானதுமன்று.

அழிந்தனவும் எஞ்சியனவும்

சுகுண விலாச சபை தோன்றியதற்கு அடுத்த ஆண்டு, 1892-இல், உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையுடன் பதிப்பித்தார். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்னும் பழைய நாடகத்தமிழ் நூல்களின் பெயர்களை நாம் அறிவது அவ்வுரையால்தான். நூல்கள் மறைந்தன, உரையாசிரியர் குறிப்பினால் பெயர்கள் எஞ்சின.

திரைப்படத்திற்கும் இந்நிலையே நேர்ந்துள்ளது. நடராச முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னாட்டின் முதல் கதைப்படமாகக் கருதப்படுவது. அதன் படச்சுருள் இன்று இல்லை. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படமும் கிடைக்கவில்லை. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட ஊமைப்படங்களுள் எஞ்சியது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே எனலாம். அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையைச் சார்ந்தது. வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் பழைய சுருள்கள் விற்கப்பட்டதும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் நிறுவப்பட்ட 1964-ஆம் ஆண்டிற்குள் இழப்பு பெரும்பாலும் நிகழ்ந்துவிட்டது.

இந்நிலையில் மறைந்த படங்களைப் பற்றி நாம் அறிய உதவுவன எவை? கதைச்சுருக்கமும் நடிகர் பட்டியலும் பாடல்களும் கொண்ட பாட்டுப் புத்தகங்கள், விளம்பரத் துண்டறிக்கைகள், இசைத்தட்டுகள், படம் பார்த்த முதியோரின் நினைவுகள் ஆகியனவே. இவையே திரைப்பட வரலாற்றுக்கு அடியார்க்கு நல்லார் உரை போன்றவை.

ஆய்வுநெறி

திரைப்படத்தைப் பார்த்தல் வேறு, பயிலுதல் வேறு. பயில்வோர் மூன்று நிலைகளில் அதனை அணுகலாம்.

முதலாவது, பனுவல் நிலை. 'மனோகரா' நாடகத்தின் அச்சு நூலையும் 1954-ஆம் ஆண்டுத் திரைப்படத்தையும் ஒப்பிடுக. கதைக்கட்டு முதலியாருடையது, திரையில் ஒலிக்கும் உரையாடல் மு. கருணாநிதியுடையது. உரையாடல் எவ்விடத்தில் மேடைப் பேச்சாக மாறுகிறது, அடுக்குத்தொடர் எவ்வுணர்வை எழுப்பப் பயன்படுகிறது என்று ஆராய்தல் யாப்பும் அணியும் பயின்ற தமிழ் மாணவர்க்கு இயல்பாகக் கைவரும் பணியாகும்.

இரண்டாவது, வரலாற்று நிலை. 'குலேபகாவலி', 'அலிபாபாவும் 40 திருடர்களும்' முதலிய படங்களின் கதைகள் பாரசீக, அரபுக் கதை மரபைச் சார்ந்தவை. பார்சி நாடகக் குழுக்களின் மேடைகளில் நடிக்கப்பட்டுப் பரவியவை. இத்தகைய கதையொன்று தமிழுக்கு வந்த வழியை ஆராய்வது ஒப்பிலக்கியத்தின் ஒரு கிளையேயாகும்.

மூன்றாவது, காண்போர் நிலை. ஒரே படத்தை மில் தொழிலாளி எவ்வாறு கண்டார், இல்லத்தரசி எவ்வாறு கண்டார், கல்லூரி மாணவர் எவ்வாறு கண்டார் எனக் கேட்டறிதல். இது களஆய்வு. நாட்டுப்புறவியலில் நாம் பயின்ற முறையே இதற்கும் பொருந்தும்.

திரையில் முஸ்லிம்

இவ்வாய்வின் தேவையை மிகத் தெளிவாக உணர்த்துவது திரையில் முஸ்லிம்கள் சித்திரிக்கப்படும் முறையாகும். 1961-இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் முஸ்லிம் பெரியவர் ஒருவரால் வளர்க்கப்படும் ரஹீம் கதைத்தலைவனாகிறான். நாகூர் ஈ.எம். அனிபாவின் குரலும் அப்படத்தில் ஒலிக்கிறது. பிற படங்கள் பலவற்றில் வரும் 'பாய்', தலையில் தொப்பியும் வாயில் கொச்சைத் தமிழுமாக நகைச்சுவைக்கென வருபவர். சீறாப்புராணம் தந்த சமுதாயத்தவர்க்குத் தமிழ் சரியாகப் பேச வராது என்பது போன்ற இச்சித்திரிப்பு எப்போது தொடங்கியது, எங்கிருந்து வந்தது? 'ரோஜா' (1992), 'பம்பாய்' (1995) ஆகிய படங்களுக்குப் பின் இவ்வுருவம் எவ்வாறு மாறியது? இவற்றிற்கு ஆண்டுவாரியாகச் சான்று காட்டி விடை கூறுதல் வேண்டும்.

2013 சனவரியில் 'விஸ்வரூபம்' படத்திற்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தமிழக அரசு தடை விதித்தது. பேச்சுவார்த்தையில் சில மாற்றங்கள் ஏற்கப்பட்டு, பிப்ரவரி 7-ஆம் நாள் படம் வெளியாயிற்று. அன்று தெருவில் நின்றவரின் மனவருத்தமும் உண்மை. கலைஞரின் உரிமை குறித்த கவலையும் உண்மை. ஆயினும் அவ்விவாதத்தில் குறைவாக இருந்தது ஒன்று: தமிழ்த் திரையில் முஸ்லிம் உருவத்தின் வரலாற்றை, படம் படமாக, காட்சி காட்சியாக எடுத்துக்காட்டும் ஆய்வு. குறை கூறுவோரிடம் சான்று இருப்பின் அவர்தம் குரலை எவரும் எளிதில் ஒதுக்க இயலாது. குற்றச்சாட்டு மிகைப்பட்டதாயின் அதனைத் திருத்தவும் அச்சான்றே துணைசெய்யும்.

ஓர் ஐயமும் விடையும்

"பிள்ளைகள் ஏற்கெனவே திரைப்பட மயக்கத்தில் இருக்கிறார்கள், கல்லூரியும் அதனை வளர்க்கவேண்டுமா?" என்று சமுதாயப் பெரியவர்கள் கேட்பர். நியாயமான கேள்வியே. நேரத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிய அவர்தம் கவலையை எள்ளி நகையாடுதல் தகாது. ஆனால் மயக்கம் வளர்வது வினவாமல் பார்ப்பதனால். ஒரு காட்சியில் ஒளி ஏன் நாயகன் முகத்தில் மட்டும் விழுகிறது, ஏழை ஏன் எப்போதும் கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கிறான், பெண்ணின் வாயில் இவ்வுரையாடலை வைத்தவர் யார் என்று கேட்கப் பழகிய மாணவன், திரை தன்மீது செய்யும் வேலையை உணரத் தொடங்குகிறான். பின்னர் அவன் திரைப்படத்தை விரும்பலாம், வெறுக்கலாம். அதற்கு அடிமையாதல் அரிது. எல்லாப் படங்களையும் வகுப்பறைக்குக் கொண்டுவருதல் தேவையில்லை. எதனைத் தேர்வது, எவ்வாறு வினவுவது என்பதில் ஆசிரியர்க்குப் பொறுப்பு உண்டு.

முடிவுரை

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்தனர் முன்னோர். இம்மூன்றும் ஒருங்கே அமைந்து, எழுத்தறியாதாரையும் எட்டிய கலை திரைப்படம். அதனைத் தமிழ்த்துறை ஆராயாதொழியின், கடந்த நூறாண்டுத் தமிழர் வாழ்வின் பெரும்பகுதி நம் வரலாற்றிலிருந்து விடுபட்டுப் போகும்.

பணி நம் அருகிலேயே தொடங்குகிறது. பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளில் டூரிங் டாக்கீஸ் காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்றும் வாழ்கின்றனர். ஆண்டுதோறும் அவர் தொகை குறைகிறது. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர் முதன்முதல் கண்ட படம், கொட்டகை இருந்த இடம், கொடுத்த கட்டணம், உடன் வந்தோர், வீட்டார் சொன்ன தடை ஆகியவற்றைக் கேட்டு எழுதி வருக. பரண்மேல் கிடக்கும் பாட்டுப் புத்தகத்தைக் கேட்டுப் பெறுக. கொடுக்க மனமில்லையெனில் படியெடுத்துக் கொள்க. அவற்றை நாளும் பெயரும் குறித்துத் துறை நூலகத்தில் அடுக்கி வைப்போம்.

சம்பந்த முதலியார் தம் நினைவுகளை ஆறு பாகங்களாக எழுதி வைத்தமையால் பழைய மேடையை நாம் அறிகிறோம். அவ்வாறு எழுதி வைக்க இயலாத பெரியவர்களின் நினைவுகளை எழுதும் பொறுப்பு இன்றைய தமிழ் மாணவர்களுடையது.